ஓட்டமும் தர்மமும்

நமது பட்டணங்களில் சில வருஷங்களாக ஒரு புதிய வழக்கம் வேரூன்றி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வீதியில் கூடுகிறார்கள். இலக்கம் பொறித்த துண்டொன்றை மார்பில் ஊசியால் குத்திக் கொள்கிறார்கள். 5 கிலோமீட்டரோ, 10 கிலோமீட்டரோ, தேக பலமுள்ளவர்கள் 42 கிலோமீட்டரோ ஓடுகிறார்கள். அவர்களிற் சிலருடைய சட்டையின் முதுகில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அது ஓடுகிறவருடைய பெயரன்று. வியாதியுற்றுப் படுத்திருக்கும் தாயின் பெயர், அல்லது வியாதியினால் மாண்ட சகோதரனின் பெயர். "இவரை நினைத்து நான் ஓடுகிறேன், என் ஓட்டத்தை முன்னிட்டு இன்ன வைத்தியசாலைக்கு உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்று அவர் தம் நண்பர்களையும் உறவினரையும் முன்னதாகவே வேண்டியிருப்பார். அவ்விதம் சேரும் பணம் தர்மத்துக்குப் போகிறது. மும்பையில் 2004-ஆம் வருஷத்தில் தொடங்கிய மாரத்தான் ஓட்டம் இவ்வழக்கத்தை இந்தியாவில் பரப்பியவற்றுள் முக்கியமானது.

இதைக் கண்டு நகைப்போர் உளர். "கொடுக்க மனமிருந்தால் வீட்டிலிருந்தபடியே கொடுக்கலாமே, ஓடுவானேன்? மகன் ஓடினால் தாயின் நோய் தீருமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இதை அளவுக்கு மீறிப் புகழ்வோரும் உளர். ஒரு நாட் காலையில் ஓடி முடித்து, பதக்கம் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புகைப்படமும் எடுத்துக்கொண்டால் உலகுக்குச் செய்ய வேண்டிய கடமை தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். இவ்விரு கட்சியாரும் காரியத்தின் பாதியையே கண்டிருக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். மறுபாதியைக் காணவேண்டுமானால் கடற்கரை வீதியை விட்டு வடக்கே செல்ல வேண்டும். காட்டுப்பள்ளிக்குச் செல்ல வேண்டும். அங்கே செல்லுமுன் இவ்வழக்கத்தின் வேரைச் சற்று ஆராய்வோம்.

அன்புக்குரிய ஒருவரது வியாதிக்காகத் தன் உடலை வருத்திக்கொள்வது தமிழனுக்குப் பிற தேசத்தார் கற்பிக்க வேண்டிய பாடமன்று. குழந்தைக்கு அம்மை கண்டால் தாய் வேண்டிக்கொள்கிறாள். ஆடி மாதத்தில் திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள பெரியபாளையத்துக்குச் சென்று பாருங்கள். பவானியம்மன் சந்நிதியில் வேப்பிலையை ஆடையாக உடுத்து வலம் வருவோரிற் பலர் தம் நோய்க்காக வந்தவர்களல்லர். கணவனுக்காகவும் பிள்ளைக்காகவும் வந்தவர்கள். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கிப் பல நாள் நடப்போரும், ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்வோரும், நாகூர்த் தர்காவுக்கு நேர்ந்து கொண்டு போவோரும் இவ்வகையினரே. நமது ஜனங்களின் கால்கள் பிறர் பிணிக்காக வருந்துவதற்கு வெகு காலமாகப் பழகியவை. ஆகையால், "ஓடுவானேன்?" என்று கேட்பவர் தம் பாட்டி பழனிக்கு நடந்தது ஏன் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு பேதமுண்டு. சட்டத்தின் பாஷையிற் சொன்னால், நேர்த்திக்கடன் இருவருக்குள் ஏற்படும் ஒப்பந்தம். ஒருபுறம் வேண்டுகிறவர்; மறுபுறம் தெய்வம். மூன்றாம் மனிதருக்கு அதில் பாத்தியதை கிடையாது. என் குழந்தை பிழைத்தது, நான் நடந்தேன், கணக்குத் தீர்ந்தது. தர்ம ஓட்டத்திலோ ஓடுகிறவர் ஒருவர், அவர் மனத்தில் வைத்திருக்கும் நோயாளி ஒருவர், இவர்களுக்கு அப்பால் முகமறியாத மூன்றாம் மனிதர் ஒருவர் இருக்கிறார். சேரும் பணம் அந்த மூன்றாம் மனிதருக்கே உரியது. ஓடுகிறவருடைய தாய் ஒருவேளை நல்ல வைத்தியம் பெற்றுக் குணமடைந்திருக்கலாம். ஒருவேளை இறந்தும் போயிருக்கலாம். அவளை நினைத்துச் சேர்த்த பணம், அவளுடைய நோயே கண்டு, அவளுக்கிருந்த வசதி ஒன்றுமில்லாத வேறொரு தாய்க்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வழக்கத்துக்கு உயிர் அந்த மூன்றாம் மனிதரே. அவரைக் காணாத ஓட்டம் தேகப்பயிற்சி மாத்திரமே. தேகப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அதற்குத் தர்மம் என்று பெயரிடலாகாது.

இதற்கு உலகறிந்த உதாரணம் கனடா தேசத்து இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். 1958-ஆம் வருஷத்தில் பிறந்த அவருக்கு 1977-இல் எலும்பில் புற்றுநோய் கண்டது. வலது காலை முழங்காலுக்கு மேலே துண்டித்துவிட்டார்கள். வைத்தியசாலையில் இருந்த காலத்தில் அவர் இரண்டு விஷயங்களை அறிந்தார். ஒன்று, தம்மோடு சிகிச்சை பெற்ற மற்றவர்களின் துயரம். அவர்களிற் பலர் குழந்தைகள். மற்றொன்று, தாம் பிழைப்பதற்கு நூற்றுக்கு 50 பங்கு வாய்ப்பு உண்டென்று வைத்தியர்கள் சொன்னார்களே, இரண்டு வருஷத்துக்கு முன் அது 15 பங்காகவே இருந்தது என்பது. இடையில் நடந்த ஆராய்ச்சியே தமக்கு அந்த வாய்ப்பைப் பெருக்கியது என்று அவர் உணர்ந்தார். முன்பு எவரோ கொடுத்த பணம் தம் உயிரைக் காத்தது. தாமும் பின்வருவோருக்குக் கொடுக்கக் கடன்பட்டிருக்கிறோம் என்று தீர்மானித்தார்.

1980 ஏப்ரல் 12-ஆம் தேதி அட்லாண்டிக் சமுத்திரக் கரையிலிருந்து ஒரு காலும் ஒரு பொய்க்காலுமாக அவர் ஓடத் தொடங்கினார். தேசத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடுவது என்பது உத்தேசம். நாளொன்றுக்குச் சுமார் 42 கிலோமீட்டர் ஓடினார். தேசத்திலுள்ள ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்று கேட்டார். அப்பொழுது கனடாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம். நம் ஊர்களில் வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்துப் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பதுண்டல்லவா? அதே முறைதான். பெரிய தனவந்தர் ஒருவர் மூட்டையாகக் கொடுப்பதைக் காட்டிலும் எல்லோரும் பிடியாகக் கொடுப்பது மேல் என்பதை அவ்விளைஞர் நன்றாக அறிந்திருந்தார். தம் பெயரால் லாபம் தேட வந்த வியாபாரக் கம்பெனிகளை அவர் அண்டவிடவில்லை.

143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பின், செப்டம்பர் 1-ஆம் தேதி நெஞ்சு வலியால் நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28-ஆம் தேதி, 23 வயது நிரம்புவதற்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் காலமானார். ஆனால் அவ்வருஷம் பிப்ரவரி மாதத்திலேயே அவர் கேட்ட தொகை சேர்ந்துவிட்டது. தலைக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைவேறியது. அவர் பெயரால் வருஷந்தோறும் ஓட்டம் நடக்க வேண்டும் என்று முன்வந்தவர் ஹோட்டல் அதிபர் இசடோர் ஷார்ப். அவர் தம் மகனை 1978-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் சுமார் 3 லட்சம் பேர் ஓடி 35 லட்சம் டாலர் சேர்த்தார்கள். இன்றளவும் சேர்ந்த தொகை 85 கோடி டாலருக்கு மேல். நமது சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் அவர் பெயரால் ஓட்டம் நடந்திருக்கிறது. மகனை இழந்த ஒரு தகப்பனார் வேறொருவர் மகனின் பெயரை நிலைநிறுத்தினார். அதன் பயன் இருவரையும் அறியாத பல்லாயிரம் பிள்ளைகளுக்குக் கிட்டியது. மூன்றாம் மனிதர் என்று நாம் சொன்னது இதைத்தான்.

கனடாவைப் புகழ்ந்து நிறுத்திக் கொள்வது நமது நோக்கமன்று. இதைவிட நீண்ட ஓட்டமொன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. அதை ஓடியவர் கால்களால் ஓடவில்லை; ஆகையால் அதை நாம் ஓட்டமென்று எண்ணாமல் இருந்துவிட்டோம்.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் இளைய சகோதரி 1923-இல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சாதாரண வயிற்றுக்கடுப்பு என்றே எண்ணினார்கள். உண்மை தெரிந்தபொழுது காலம் கடந்துவிட்டது. வீட்டிலே டாக்டர் ஒருவர் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாமற் போன துயரம் அம்மையாரை விட்டு நீங்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935-இல் நடந்தபொழுது, இம்மாகாணத்தில் புற்றுநோய்க்கென்றே ஒரு வைத்தியசாலை வேண்டும் என்ற தம் ஆவலை அவர் சபையில் வெளியிட்டார். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் அதற்கென ஒரு நிதி ஏற்பட்டது. 1952 அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாற்றில் 12 படுக்கைகளோடு வைத்தியசாலை வேலை தொடங்கியது. தங்கை இறந்து 31 வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு 68-ஆம் பிராயம் நடந்துகொண்டிருந்தது. அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த ஸ்தாபனத்துக்கே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். ஏழைகள் இலவசமாகவும் குறைந்த செலவிலும் சிகிச்சை பெறும் இடமாக அது தேசமெங்கும் பெயர் பெற்றது. ஒரு தங்கையின் நோய் இத்தனை தங்கைகளுக்கு மருந்தாயிற்று.

அமெரிக்காவிலும் ஒரு சகோதரி இருந்தார். சூசன் கோமன் என்ற பெண்மணி 1980-இல் மார்புப் புற்றுநோயால் இறந்தபொழுது, இந்நோயை ஒழிக்கப் பாடுபடுவேன் என்று அவருடைய தங்கை நான்ஸி பிரிங்கர் வாக்குக் கொடுத்தார். 1982-இல் ஒரு ஸ்தாபனம் அமைத்தார். 1983-இல் டல்லாஸ் நகரத்தில் 800 பேரைக் கொண்டு முதல் ஓட்டத்தை நடத்தினார். அது பிற்பாடு பல தேசங்களுக்குப் பரவிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அதன் சரித்திரத்தில் நாம் படித்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. 2010-இல் பொரித்த கோழி விற்கும் பெரிய கம்பெனி ஒன்று தன் வாளிகளுக்கு இளஞ்சிவப்பு வர்ணம் பூசி, வாளி ஒன்றுக்கு அரை டாலர் வீதம் அந்த ஸ்தாபனத்துக்குத் தருவதாக விளம்பரம் செய்தது. உடற்பருமன் மார்புப் புற்றுநோய்க்குத் துணைபோகும் காரணங்களில் ஒன்று. நோயைத் தேடித்தரும் பண்டத்தை விற்று, அந்நோய்க்கே தர்மம் செய்வதா என்று அத்தேசத்தார் பலர் கண்டித்தார்கள். கண்டித்தது நியாயமே. துயரத்தில் பிறந்த தர்மம், கணக்குப் பார்க்கும் வியாபாரியின் கையில் விளம்பரப் பலகையாகி விடுவதற்கு வெகு நேரம் செல்லாது.

இனி நாம் வடக்கே செல்வோம். எண்ணூர்க் கழிமுகத்துக்கு அப்பால், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் சூழ, பழவேற்காட்டை நோக்கி நீளும் மணற்பரப்பில் இருக்கிறது காட்டுப்பள்ளி. ஒரு காலத்தில் வலையும் படகுமே அங்குள்ளோரின் உலகம். இன்று அங்கே பெரிய துறைமுகம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தெற்கே காமராஜர் துறைமுகம். அருகே வடசென்னை அனல்மின் நிலையம். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை 2010 முதல் அவ்வூரில் வேலை செய்கிறது. மீஞ்சூர்ச் சாலையில் பெட்டி ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் வரிசையாகச் செல்கின்றன. சென்னைக்கு வெளிச்சமும் தண்ணீரும் சரக்கும் தருகிற இடம் அது. துறைமுகத்துக்காக இடம் பெயர்ந்த மீனவக் குடும்பங்களும், ஒரிஸ்ஸா, பீகார் முதலிய தேசங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளரும் அங்கே வசிக்கிறார்கள்.

அவர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால் என்ன நடக்கிறது? அடையாற்று வைத்தியசாலைக்கு அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குக் குறையாது. மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். அதாவது, பட்டணத்தார் வருஷத்துக்கு ஒரு தடவை ஓடிப் பதக்கம் பெறும் தூரத்தைக் காட்டுப்பள்ளி நோயாளி, ஏறக்குறைய, ஒவ்வொரு தடவையும் கடந்து செல்கிறார், கடந்து திரும்புகிறார். கதிரியக்கச் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் வாரத்தில் 5 நாள் வீதம், 5 முதல் 7 வாரம் வரையில் சிகிச்சை பெற வேண்டும். 30 நாளென்று வைத்துக்கொள்வோம். போகவர 80 கிலோமீட்டர் வீதம் 2,400 கிலோமீட்டர் ஆகிறது. டெர்ரி ஃபாக்ஸ் ஓடிய தூரத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. அவரைப் போலவே இவரும் நோயை உடலில் தாங்கிக்கொண்டே செல்கிறார். வழியில் கைதட்டுவார் ஒருவருமில்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. முதலமைச்சர் பெயரிலுள்ள காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் சிகிச்சைக்கு இடமுண்டு. ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. சாதாரண நகரப் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் 2021-இல் ஏற்பட்டது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் மீனவர் ஒருவர் கடலுக்குப் போகாத நாளில் அவர் வீட்டுக்கு வருமானமில்லை. ஒப்பந்தக் கூலிக்காரர் வராத நாளுக்குச் சம்பளமில்லை. நோயாளிக்குத் துணையாகச் செல்லும் மனைவியின் கூலியும் போயிற்று. வீட்டில் விட்டுப்போன பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? பட்டணத்தில் இரவு தங்க நேர்ந்தால் எங்கே தங்குவது? சிகிச்சைக்குப் பணம் உண்டு. சிகிச்சை நடக்கும் காலத்தில் உயிர் வாழப் பணமில்லை. இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் வைத்தியத்தைப் பாதியில் கைவிடுகின்றன. பிற மாகாணத் தொழிலாளர் நிலைமை இன்னும் பரிதாபம். அவருக்காக ஓடக்கூடிய தாயும் தம்பியும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவருக்குக் காய்ச்சல் கண்டதே அவர்களுக்குத் தெரியாது.

நாம் தேடிய மூன்றாம் மனிதர் இவர்தான். பட்டணத்தில் தாயின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஓடுகிற இளைஞரே! உமது அன்பை நாம் சந்தேகிக்கவில்லை. உமது தாயின் பெயரால் சேர்ந்த பணம் இவருடைய 2,400 கிலோமீட்டரில் ஒரு பகுதியையேனும் குறைத்ததா என்று மாத்திரம் கேட்கிறோம்.

ஆகவே தர்ம ஓட்டம் நடத்துவோரிடத்தில் பொதுஜனங்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது: பயன் பெறுகிறவர் யார்? "புற்றுநோய் விழிப்புணர்ச்சிக்காக" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. ஆராய்ச்சிக்கா, கருவிக்கா, நோயாளியின் தங்குமிடத்துக்கா, நோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைக்கா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வாயிலும், மார்பிலும், கருப்பை வாயிலும் தோன்றும் புற்றுநோய்களை எளிய பரிசோதனையால் முன்னதாகக் காணலாம். காலத்தில் கண்டால் தீர்க்கலாம். முத்துலட்சுமி அம்மையாரின் தங்கை காலங்கடந்து அறிந்ததால் மாண்டார் என்பதை மறவாதிருப்போம். காட்டுப்பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு தடவை பரிசோதனை முகாம் நடத்தினால் அது நூறு விளம்பரத் தட்டிகளுக்கு மேலானது.

இரண்டாவது: கணக்கு எங்கே? தர்மத்துக்கென்று வாங்கிய பணத்துக்கு வாங்கியவர் சொந்தக்காரரல்லர்; தர்மகர்த்தா. ஒரு ரூபாயானாலும் அதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். சட்டைக்கும் மேடைக்கும் வாத்தியத்துக்கும் சிற்றுண்டிக்கும் எவ்வளவு போயிற்று, நோயாளிக்கு எவ்வளவு போயிற்று என்பதை ஓட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். வெளியிடாதவருக்கு மறுவருஷம் ஒரு காசும் கொடுக்கலாகாது. இதைச் சொல்வது அவநம்பிக்கையன்று. கோயில் உண்டியலைக் கூட நாலு பேர் முன்னிலையில்தானே திறக்கிறோம்?

மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் கடினமானது: நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் சுதந்திரம் ஓடுவோருக்கு இருக்கிறதா? வெளிக்காற்றின் மாசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்று என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2013-இல் முடிவு செய்தது. இன்னாருடைய நோய்க்கு இன்ன புகைக்கூண்டே காரணம் என்று சாட்சியமின்றிக் குற்றம் சாட்ட நாம் துணியோம், அது நியாயமாகாது. ஆனால் காற்றைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சாம்பலை ஆற்றில் கலக்க விடலாகாது, கசிவு நேராமற் காக்க வேண்டும் என்று கேட்பதற்கு எந்தச் சாட்சியமும் தேவையில்லை. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலரை வைத்தியசாலையில் சேர்க்க நேர்ந்தது. அதுவும் அன்புக்குரியவரின் உயிருக்காக ஓடிய ஓட்டமே. அவ்வித ஓட்டம் இனி நிகழாதபடி செய்வது, ஓடித் தர்மம் சேர்ப்பதைக் காட்டிலும் பெரிய தர்மம்.

இவ்விடத்தில் கம்பெனிகளைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பெறும் கம்பெனிகள், மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நன்மைக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு விதிக்கிறது. இது கடமை, கொடையன்று. கடமையைச் செலுத்தியவர் கனவானாக இருக்கலாம், வள்ளல் என்ற பட்டத்துக்கு அவர் உரிமை கோரலாகாது. தொழிலாளர்கள் வியர்வை சிந்தி ஓட, அவர்கள் சட்டையின் மார்பில் முதலாளியின் பெயர் பெரிதாகவும், முதுகில் நோயாளியின் பெயர் சிறிதாகவும் இருக்கும் காட்சி நமக்கு ஒப்பாது. டெர்ரி ஃபாக்ஸின் பெயரால் நடக்கும் ஓட்டங்களில் வியாபார விளம்பரத்துக்கு இடங்கொடுக்கலாகாது என்ற விதியை இன்றும் போற்றி வருகிறார்கள். அவ்விதியை நாமும் கைக்கொள்வோமாக. கம்பெனிகள் தங்கள் 2 பங்கைத் தனியே கொடுக்கட்டும். அதை வாங்கிக்கொண்டதற்காகக் காற்றைப் பற்றிக் கேட்கும் வாயை நாம் மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

"வைத்தியம் செய்விப்பது சர்க்காரின் பொறுப்பு. ஜனங்கள் ஓடிப் பணம் சேர்த்தால் சர்க்கார் தன் பொறுப்பை நழுவவிடும்" என்று நமது நண்பர் சிலர் ஆட்சேபிக்கக் கூடும். ஆட்சேபம் சாரமற்றதன்று. ஆனால் அடையாற்றின் சரித்திரம் வேறு விதமாகப் போதிக்கிறது. மாதர் சங்கத்தார் நிதி திரட்டியதால் சர்க்கார் பொறுப்பினின்று நழுவவில்லை. ஜனங்கள் முன்னே ஓடியதைக் கண்டு சர்க்காரும் பின்னே வர நேர்ந்தது. உரிமையைக் கேட்பவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்பதைவிடக் கையால் ஆனதைச் செய்துகொண்டே கேட்பது பலிக்கும். தர்மம் செய்கிறவன் கேள்வி கேட்பதை நிறுத்தும்பொழுதுதான் அபாயம் தொடங்குகிறது.

காட்டுப்பள்ளியிலும், மீஞ்சூரிலும், பொன்னேரியிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் தேச சேவையில் நாட்டமுள்ள வாலிபர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் ஒரு யோசனை கூறுகிறோம். லாரிப் போக்குவரத்துக் குறைந்த ஒரு விடுமுறை நாளில், போலீஸாரின் அனுமதியும் ஓர் ஆம்புலன்ஸ் வண்டியும் ஏற்பாடு செய்துகொண்டு, காட்டுப்பள்ளியில் ஓர் ஓட்டம் நடத்துங்கள். தூரம் 5 கிலோமீட்டர் போதும். ஓட முடியாதவர் நடக்கட்டும். கிழவரும் ஸ்திரீகளும் வரட்டும். இருதய நோயுள்ளவர் வைத்தியரைக் கேட்டுவிட்டு வரட்டும். ஒவ்வொருவரும் வியாதியுற்ற தம் அன்பர் ஒருவரின் பெயரை முதுகில் எழுதிக்கொள்ளட்டும். சொந்த ஊரை விட்டு வந்த தொழிலாளர் தம் பாஷையிலேயே எழுதிக்கொள்ளட்டும். கட்டணம் 10 ரூபாய்க்கு மேல் வேண்டாம். வெளியூர் அன்பர்கள் ஓடுவோரை முன்னிட்டு இயன்றதைக் கொடுக்கட்டும். பதக்கமும் மேடையும் வேண்டாம்.

சேர்ந்த பணத்தில் முதலாவதாக, சிகிச்சைக்குப் பட்டணம் சென்று வரும் குடும்பங்களுக்கு நாட்கூலியில் ஒரு பகுதியையேனும் ஈடு செய்யுங்கள். இரண்டாவதாக, பரிசோதனை முகாமுக்கு வைத்தியர்களை அழைத்து வாருங்கள். வரவு செலவுக் கணக்கைத் தமிழில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள், ஓடிய அத்தனை பேரும் கையெழுத்திட்டு, காற்றையும் தண்ணீரையும் பரிசோதித்து அதன் விவரத்தை ஊராருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு அனுப்புங்கள். ஓட்டமும் மனுவும் ஒரே காரியத்தின் இரண்டு கால்கள். ஒன்றை விட்டு மற்றொன்றால் நொண்டத்தான் முடியும்.

பட்டணத்து ஓட்டக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நீங்கள் அருந்தும் நீரில் ஒரு பகுதி காட்டுப்பள்ளியிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டு விளக்கில் ஒரு பகுதி அதன் அண்டையில் எரியும் நிலக்கரியால் எரிகிறது. அவ்வூராருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். அடுத்த தடவை உங்கள் அன்னையின் பெயரை எழுதிக்கொண்டு ஓடும்பொழுது, சேரும் தொகையில் ஒரு பங்கை அவ்வூர் அன்னை ஒருத்திக்கு ஒதுக்குங்கள். ஒப்புரவு என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தது இதற்காகத்தான். தன் தாயின் நோயை நினைத்து அழாத மனிதர் உலகில் இல்லை. அந்த அழுகையைக் கொண்டு முகமறியாத ஒருவரின் வாசற்படியில் விளக்கேற்றுவோர் சிலரே. அந்தச் சிலருள் தமிழர் பலர் இருக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.